அத்தியாயம் 6: வீட்டுக்கு ஒரு சிறிய போட்டோ பிரிண்டர்

படம் அச்சிடும் சிறிய பொறி ஒன்றை வீட்டுக்கு வாங்க நினைப்பவருக்கு இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான்: பொறியின் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்கான தாளும் மையும் இன்னும் மூன்று வருடங்களுக்கு உங்கள் கைக்கு எட்டுமா என்று பார்த்து முடிவெடுங்கள். கொழும்பில் இருப்பவருக்கு மை தீர்ந்தால் அடுத்த தெருவில் கடை. ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ கொக்கிளாயிலோ இருப்பவருக்கு அது அரைநாள் பஸ் பயணம். தாள் கிடைக்காத பொறி எவ்வளவு நல்ல பொறியாக இருந்தாலும் அலுமாரிக்கு மேலே தூசிதான் பிடிக்கும்.

எதற்காக வீட்டில் ஒரு பிரிண்டர்?

எல்லாப் படமும் போனில் இருக்கும்போது தாளில் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். வன்னியில் இந்தக் கேள்விக்குப் பதில் பெரியவர்களுக்குத் தெரியும். 2008இலும் 2009இலும் போரால் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்துகொண்டே போனவர்கள் சுமையைக் குறைக்கக் குறைக்க, அல்பங்களையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். செட்டிகுளம் மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட பிறகும் பல வீடுகளில் அதற்கு முந்திய காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. இருப்பவை, முன்பு எப்போதோ கனடாவுக்கோ சுவிஸுக்கோ அனுப்பிய கலியாணப் படத்தின் பிரதி, அல்லது அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய சின்னப் படம்.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தவை இப்படிப்பட்ட படங்களே. ஒரே படம் ஆணைக்குழுவுக்கும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. வெயிலும் மழையும் பட்டு மூலப்படம் வெளிறிப்போகாமல் இருக்க வேண்டுமானால், மூலம் வீட்டில் இருக்க, பிரதி வெளியே போகவேண்டும். அந்தப் பிரதியை நினைத்த நேரத்தில் வீட்டிலேயே எடுக்க முடிவது பெரிய ஆறுதல்.

மற்றத் தேவைகளும் இருக்கின்றன: பிள்ளையின் பாடசாலை ஒப்படைக்கு ஒட்டும் படங்கள், சாமத்தியவீட்டுப் படங்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுக்குத் தேடும் முகப்படம், அம்மம்மாவின் கையில் கொடுக்கும் பேரப்பிள்ளையின் படம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடவுச்சீட்டுக்கான படத்தை நீங்கள் வீட்டில் அச்சிட முடியாது. 2015 ஆகஸ்டிலிருந்து அந்தப் படம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டு, அங்கிருந்தே இணையவழியாகத் திணைக்களத்துக்குப் போகிறது. தேசிய அடையாள அட்டைக்கும் பதிவுபெற்ற ஸ்ரூடியோவுக்குத்தான் போகவேண்டும். இந்த இரண்டு செலவும் மிச்சமாகும் என்ற கணக்கில் பிரிண்டர் வாங்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் நான்கு வகைகள்

பெயர்ப்பலகையும் நிறமும் எத்தனை இருந்தாலும், வீட்டுக்கு ஏற்ற போட்டோ பிரிண்டர்கள் பெரும்பாலும் நான்கு வகை. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் பலவீனமும் தெரிந்துவிடும்.

ரிப்பன் வகை. கெனன் நிறுவனத்தின் செல்ஃபி இதில் பெயர்பெற்றது. சிபி 1300 என்பது 2017இலும் சிபி 1500 என்பது 2022இலும் வெளிவந்தன. திரவ மை கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பனில் மஞ்சள், மஜென்டா, சயான் என்ற மூன்று நிறச் சாயங்கள் அடுத்தடுத்துப் பூசப்பட்டிருக்கும். சூடான தலை ரிப்பனை அழுத்த, சாயம் ஆவியாகித் தாளுக்குள் இறங்கும். தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை உள்ளே போய்வரும். நான்காவது தடவை அதன் மேல் தெளிவான பாதுகாப்புப் படலம் ஒட்டப்படும். சிபி 1500இல் போஸ்ட்காட் அளவுப் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 41 செக்கன். பொறியின் நிறை ஒரு கிலோவுக்கும் குறைவு. வெளியே வரும் படம் காய்ந்தே வரும்; தண்ணீர்த் துளி பட்டால் துடைத்துவிடலாம். குறை: அளவு 100க்கு 148 மில்லிமீற்றரோடு நின்றுவிடும். பெரிய படம் எடுக்க முடியாது.

மைத்தாங்கி வகை. எப்சன் எல் 8050, கெனன் ஜி 570 போன்றவை. போத்தலில் வாங்கிய மையைத் தாங்கியில் ஊற்றலாம். சாதாரண நான்கு நிறப் பொறிகளை விட இவற்றில் இரண்டு நிறம் அதிகம். எப்சனில் வெளிர் சயானும் வெளிர் மஜென்டாவும், கெனனில் சாம்பலும் சிவப்பும் சேர்கின்றன. முகத்தின் தோல்நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வழுவழுப்பாக வருவதற்கு இந்த மேலதிக நிறங்களே காரணம். ஏ4 வரை அச்சிடலாம். பாடசாலை வேலைக்கும் உதவும். குறை: மைத்தலையில் மிக நுண்ணிய துவாரங்கள் இருக்கின்றன. பல கிழமை பயன்படுத்தாமல் விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கழுவும் கட்டளை கொடுத்துத் திறக்கலாம். ஆனால் ஒவ்வொரு கழுவலும் மையைக் குடிக்கும், கழிவுமை தாங்கும் பஞ்சும் நிரம்பிக்கொண்டே போகும்.

மையில்லாத் தாள் வகை. சிங்க் என்று சொல்வார்கள். எச்பி ஸ்ப்ரொக்கெட் இந்த வகை. சாயம் தாளுக்குள்ளேயே இருக்கிறது. சூடு பட்டால் நிறம் வெளிப்படும். பொறி உள்ளங்கைக்குள் அடங்கும். பற்றறி உள்ளேயே இருக்கிறது. படம் 5க்கு 7.6 சென்றிமீற்றர், பின்பக்கம் ஒட்டும் தாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் சூட்டால் நிறம் வரும் தாளுக்கு வன்னிக் கோடை நல்ல இடமல்ல. நிறமும் மற்ற வகைகளின் அளவுக்கு உண்மையாக வராது.

பிலிம் வகை. ஃபூஜியின் இன்ஸ்ராக்ஸ் மினி லிங்க் 2019இல் வந்தது. போனில் இருக்கும் படத்தை ஒளியாக மாற்றி உண்மையான பிலிமில் பதிக்கிறது. சில நிமிடத்தில் உருவம் மெல்ல மெல்லத் தெளியும். ஒரு பெட்டியில் 10 பிலிம். படத்தின் அளவு 62க்கு 46 மில்லிமீற்றர். பிலிமுக்குக் காலாவதித் திகதி உண்டு. குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். படம் அழகு, செலவு அதிகம்.

பழைய குடும்பப் படத்தின் பிரதி எடுப்பதற்குக் கடைசி இரண்டு வகையும் உதவா. சிறிய அளவில் முகங்கள் கரைந்துவிடும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் எல்லோரும் நின்று எடுத்த படத்தை அங்கேயே ஆளுக்கொன்று கொடுக்க விரும்புபவர்களுக்குத்தான் அவை. ஆகவே ஒரு வீட்டின் முடிவு பெரும்பாலும் ரிப்பனா, மைத்தாங்கியா என்பதில் வந்து நிற்கும்.

ஒரு படத்துக்கு எவ்வளவு?

கடைக்காரர் பொறியின் விலையைச் சொல்வார். நீங்கள் கேட்கவேண்டியது ஒரு படத்தின் விலை.

ரிப்பன் வகையில் கணக்கு எளிது. தாளும் ரிப்பனும் ஒரே பெட்டியில் அளவாகவே வரும். 108 தாள் பெட்டி என்றால் 108 படத்துக்குரிய ரிப்பனும் உள்ளே இருக்கும். சில பெட்டியில் 36 படத்துக்கான மூன்று ரிப்பன், சில பெட்டியில் 54 படத்துக்கான இரண்டு ரிப்பன். பெட்டியின் விலையை 108ஆல் பிரித்தால் முடிந்தது. உதாரணத்துக்கு மட்டும் ஒரு பெட்டி 10,800 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஒரு படம் 100 ரூபா. முகம் நிறைந்த படமானாலும், பாதி வெள்ளையாக இருக்கும் படமானாலும் செலவு ஒன்றே. ஒவ்வொரு தாளுக்கும் ரிப்பனின் ஒரு முழுத்துண்டு போய்விடும். அதனால் சின்னப் படங்கள் வேண்டுமானால் ஒரே தாளில் நான்கோ எட்டோ அமைத்து அச்சிட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

மைத்தாங்கி வகையில் மை மலிவு. ஒரு தொகுதிப் போத்தலில் ஆயிரக்கணக்கான சிறிய படம் எடுக்கலாம். ஆனால் அது இடைவிடாமல் பயன்படுத்துபவருக்கான கணக்கு. நல்ல போட்டோத் தாளின் விலையையும், அடைப்பு எடுக்கக் கழுவும் மையையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். கிழமைக்கு ஒரு தடவையாவது நிறப்படம் ஒன்று அச்சிடும் வீட்டுக்கு இது லாபம். தைப்பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் தொடும் வீட்டுக்கு நட்டம்.

இப்போது உங்கள் ஊருக்குக் கிட்டிய ஸ்ரூடியோவில் போஸ்ட்காட் அளவுப் படத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். போய்வரும் பஸ் காசையும் சேருங்கள். வருடத்துக்கு எத்தனை படம் எடுப்பீர்கள் என்று மனச்சாட்சிப்படி எண்ணுங்கள். வருடத்துக்கு ஐம்பது படமும் வராது என்றால் பிரிண்டர் வேண்டாம். படங்களை ஒரு மெமரி காட்டில் சேர்த்து, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வேறு அலுவலாகப் போகும்போது ஒரேயடியாக அச்சிட்டு வாங்குங்கள். பெரிய அளவில் அச்சிடும் கலர்லாப்பின் தாள் உறுதியானது. ஸ்ரூடியோவில் அச்சிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுப் பிரிண்டர் ஸ்ரூடியோவை விட மலிவாக வராமலும் போகலாம். தூரம், அவசரம், வீட்டுப் படத்தை வேறு ஒருவரின் கணினியில் ஏற்ற விரும்பாமை ஆகிய மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு இருந்தால்தான் அது வாங்கவேண்டிய பொருள்.

கறண்டும் இணையமும்

ரிப்பன் வகைப் பொறி அச்சிடும்போது ஏறத்தாழ 60 வாற் இழுக்கும். அதனால் சிறிய சோலார் தொகுதியில்கூட ஓடும். ஆனால் இன்வேட்டர் 'பியூர் சைன் வேவ்' வகையாக இருக்கட்டும். மலிவான மற்ற வகை இன்வேட்டர் பொறியின் அடப்டரைக் கெடுக்கக்கூடும். செல்ஃபி சிபி வகைகளுக்குத் தனியாக ஒரு பற்றறியும் விற்கிறார்கள். அச்சிடும் இடம் கோயில் வீதியோ பாடசாலை மைதானமோ என்றால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

பாதியில் கறண்ட் போனால் ரிப்பன் பொறியில் தாளை இழுத்து எடுக்காதீர்கள். கறண்ட் வந்ததும் பொறியை மறுபடி போட்டால் அதுவே தாளை வெளியே தள்ளும். ஒரு தாளும் ஒரு ரிப்பன் துண்டும் வீணாகும், அவ்வளவுதான். மைத்தாங்கிப் பொறியில் ஆபத்து வேறு. வேலை முடிந்ததும் மைத்தலை ஒரு மூடியின் மேல் போய் உட்காரவேண்டும். சுவரில் இருக்கும் சுவிச்சை நேரே நிற்பாட்டினால் அது மூடாமல் நின்று காய்ந்துவிடும். எப்போதும் முதலில் பொறியின் சொந்தப் பொத்தானை அழுத்தி நிற்பாட்டுங்கள். பிறகு சுவர்ச் சுவிச்.

இணையம் இல்லாத வீட்டுக்கும் ரிப்பன் பொறி பொருந்தும். சிபி 1500 தன்னிடமிருந்தே ஒரு வைஃபை கொடுக்கும். போன் அதோடு நேரே இணையும், டேட்டா தேவையில்லை. மெமரி காட்டிலிருந்தும் அச்சிடும். ஆனால் அதற்குரிய செயலியை நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். எச்பி பிளஸ் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பொறிகளை இங்கே வாங்கவேண்டாம். அவை எப்போதும் இணையத்தோடு தொடர்பில் இருக்கவேண்டும். அசல் மை தவிர வேறு மையையும் ஏற்கமாட்டா.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி

லண்டனிலிருந்து மாமாவோ ரொறன்ரோவிலிருந்து சித்தியோ பிரிண்டர் ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று சொன்னால், வேண்டாம் என்று மறுக்கவும் மனம் வராது. அவர்கள் வாங்கும் முன் மூன்று விடயத்தைச் சொல்லிவிடுங்கள்.

முதலாவது வோல்ற். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230 வோல்ற். அடப்டரில் 100 முதல் 240 வோல்ற் என்று எழுதியிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்று இருந்தால் இங்கே பொருத்திய உடனே எரியும். இரண்டாவது மைப்பெட்டியின் பிராந்தியப் பூட்டு. கார்ட்ரிஜ் போடும் பல பொறிகள் விற்கப்பட்ட பிராந்தியத்துக்குரிய மைப்பெட்டியை மட்டுமே ஏற்கும். இங்கே வாங்கும் மைப்பெட்டியைப் போட்டால் பொறி வேலைசெய்யாது. மூன்றாவது உத்தரவாதம். வெளிநாட்டில் வாங்கிய பொறிக்கு இங்கே உள்ள முகவர் பொறுப்பேற்கக் கடமைப்பட்டவர் அல்ல.

அவர்கள் உண்மையிலே உதவ விரும்பினால், பொறியை நீங்கள் இங்கே வாங்குங்கள். அதற்கான தாள் பெட்டிகளை அவர்கள் வரும்போது கொண்டுவரட்டும். தாள் பெட்டி இலேசானது. உங்களுக்கு நாளைக்கும் தேவைப்படுவது அதுவே. எந்த இலக்கத்துப் பெட்டி என்று எழுதி அனுப்ப மறக்கவேண்டாம்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

வவுனியா, யாழ்ப்பாணம், கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா, இணையக்கடை என்று எங்கே வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் தாள் பெட்டியைக் கண்ணால் பாருங்கள். பொறியின் பெட்டிக்குள் தாளும் ரிப்பனும் இருக்கின்றனவா, தனியாக வாங்கவேண்டுமா என்று கேளுங்கள். கடையில் தாள் இருப்பு இல்லை, பிறகு எடுத்துத் தருகிறோம் என்று சொன்னால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் குறைந்தது இரண்டு விற்பனையாளர்களாவது அதே தாளை விற்கிறார்களா என்று தேடுங்கள்.

கடையில் செய்துகாட்டும் வசதி இருந்தால், கம்பனியின் மாதிரிப் படத்தை நம்பாமல் உங்கள் போனில் மூன்று படம் கொண்டுபோங்கள்.

ஒன்று, கறுத்த நிறமுள்ள ஒருவரின் முகம், நிழலில் எடுத்தது. கன்னத்தின் மேடுபள்ளமும் தலைமயிரின் இழைகளும் தெரியவேண்டும். ஒரே கறுப்புத் திட்டாக வந்தால் அந்தப் பொறி நம் முகங்களுக்கு ஏற்றதல்ல. தானாகவே தோலை வெளிறச் செய்யும் அமைப்பு இருந்தால் அதை நிறுத்தத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே தாளில் வரவேண்டும்.

இரண்டு, வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளையும் கூறைச்சேலை உடுத்த பெண்ணும் உள்ள படம். வெள்ளையில் மடிப்புத் தெரிகிறதா, சிவப்பில் சரிகை தெரிகிறதா என்று கவனியுங்கள்.

மூன்று, பழைய கறுப்பு வெள்ளைப் படம். நிறப் பொறியில் கறுப்பு வெள்ளையை அச்சிடும்போதுதான் அதன் கோணல் வெளிப்படும். பச்சையாகவோ ஊதாவாகவோ சாயம் ஏறாமல் இருந்தால் நல்ல பொறி.

கோடையும் மாரியும்

நம் பகுதியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதித் தூசி வீட்டுக்குள் வராத நாளில்லை. ரிப்பன் பொறிக்கு முதல் எதிரி தூசி. தாள் நான்கு தடவை முன்னும் பின்னும் போய்வருவதால் ஒரு துகள் ஒட்டினாலும் வெள்ளைப் புள்ளியோ கோடோ விழும். அச்சிடாத நேரத்தில் தாள்தட்டையும் ரிப்பனையும் கழற்றி மூடிய பெட்டிக்குள் வையுங்கள். பொறியைத் துணியால் மூடுங்கள். தாள் பின்பக்கமாகவும் வெளியே வந்து உள்ளே போகும் என்பதால் பொறியைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. மின்விசிறிக்கு நேரே வைக்கவும் கூடாது. தாளின் பளபளப்பான பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள்.

இவ்வகைப் பொறிகள் பொதுவாக 40 பாகை செல்சியஸ் வரைதான் வேலை செய்யும். கோடை மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுவோம். தொடர்ந்து அச்சிட்டால் பொறி தன்னைக் குளிரவைக்க இடையில் நின்றுகொள்ளும், பழுதென்று நினைக்கவேண்டாம். காலையிலோ பொழுதுபட்ட பிறகோ அச்சிடுவது நல்லது.

மாரியில் பிரச்சினை ஈரம். தாள் ஈரம் குடித்தால் சுருளும், பொறிக்குள் சிக்கும். திறந்த தாளைச் சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்துவிடக்கூடாது: பொறியும் அல்பமும் நிலத்தில் இருக்கும் பெட்டிக்குள் இருக்கவே கூடாது.

வெள்ளத்தில் நனைந்த படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய கலர்லாப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காயவிட்டுப் பிரிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்து, படம் மேலே பார்க்க நிழலில் தனித்தனியாகக் காயவையுங்கள். மை பிரிண்டரில் எடுத்த படம் பெரும்பாலும் கரைந்துவிடும். அதைத் தண்ணீரில் ஊறப்போடக்கூடாது. ரிப்பன் படத்தின் மேல் படலம் இருப்பதால் ஈரத்தைத் துடைத்து எடுக்கலாம்.

ரிப்பன் படத்துக்கும் ஆகாத பொருள்கள் இருக்கின்றன. மென்மையான பிவிசி பிளாஸ்டிக், அழிறப்பர், ஒட்டுநாடா, மதுசாரம் கலந்த திரவம் ஆகியவை நாளடைவில் சாயத்தை இழுத்துவிடும். அல்பம் வாங்கும்போது பொலிப்ரொப்பிலீன் உறை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நூறு வருடம் நிலைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்வது அல்பத்துக்குள் ஒழுங்காக வைத்த படத்துக்கான கணக்கு. யன்னல் வெயில் விழும் சுவரில் மாட்டிய படத்துக்கு அது பொருந்தாது.

போனிலிருந்து தாளுக்கு

பொறி நல்லதாக இருந்தும் படம் சரியில்லை என்று பலர் சொல்வதன் காரணம் போனில் இருக்கிறது.

போஸ்ட்காட் அளவுக்கு ஏறத்தாழ 1,800க்கு 1,200 புள்ளி இருந்தால் தெளிவாக வரும். வட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1,600 புள்ளியளவுக்குச் சுருங்கிவிடும். சிறிய படத்துக்குச் சமாளிக்கலாம், ஏ4க்குப் போதாது. வெளிநாட்டிலிருந்து பழைய படம் அனுப்புபவர்களிடம் 'டொக்யுமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. முகநூலில் இருந்து திரையைப் படம்பிடித்து அச்சிடுவது கடைசி வழி.

போன் படம் 4க்கு 3 என்ற வடிவம்; தாள் 3க்கு 2. ஓரமில்லாமல் அச்சிட்டால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குழுப்படத்தில் அது ஒருவரின் தலையாகவோ காலாகவோ இருக்கும். எடுக்கும்போதே ஓரங்களில் கொஞ்சம் இடம் விடுங்கள். அல்லது வெள்ளை ஓரத்தோடு அச்சிடுங்கள். போன்திரை ஒளிவிடும், தாள் ஒளிவிடாது. அதனால் அச்சிடும் முன் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் முதல் வேலை

பொறி வீட்டுக்கு வந்ததும் பிறந்தநாள் படத்தை அச்சிடும் ஆசை வரும். அதற்கு முன்பு, வீட்டில் ஒரேயொரு பிரதியாக இருக்கும் பழைய படங்களை எடுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐயில் வையுங்கள். இல்லாவிட்டால் போனே போதும். கூகிள் 2016இல் வெளியிட்ட போட்டோஸ்கான் செயலி ஒரு படத்தைப் பல கோணத்தில் எடுத்துச் சேர்த்து, மேல் விழும் ஒளித்தெறிப்பை நீக்கும். விறாந்தை நிழலில், நேரடி வெயில் படாமல் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே வேண்டாம். கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள். லமினேற் செய்த படத்தையும் பிரிக்கக்கூடாது.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு தாள் பிரதி: ஒன்று வீட்டில், மற்றது வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். கோப்பு மெமரி காட்டில் ஒன்று, வெளிநாட்டு உறவினரின் கணினியில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்ததால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தோம். அது மறுபடி நேரக்கூடாது. பிரதியின் பின்பக்கம் படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

இன்னொரு கவனம். தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நீங்கள் அச்சிட்ட ஒவ்வொரு படமும் அதில் நிழலாகப் பதிந்திருக்கும். வீட்டுப் படங்களோடு தொடர்புடைய அந்த ரிப்பனை முழுதாகக் குப்பையில் போடவேண்டாம். உறையைத் திறந்து, ரிப்பனைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளும், மற்றவர் படங்களை அச்சிட்டுக் கொடுப்பவர்களும் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

எந்த வீட்டுக்கு எது?

மாதத்தில் சில படம், பழைய படங்களின் பிரதி, இணையம் குறைவு, கறண்ட் அடிக்கடி போகும்: ரிப்பன் வகை. பொறியோடு குறைந்தது இரண்டு 108 தாள் பெட்டி வாங்குங்கள்.

பாடசாலைப் பிள்ளைகள், ஏ4 அளவுத் தேவை, கிழமைதோறும் பயன்பாடு: ஆறு நிற மைத்தாங்கி வகை. அசல் மையும் நல்ல போட்டோத் தாளும் மட்டும் பயன்படுத்துங்கள். மலிவு மையில் எடுத்த முகங்கள் சீக்கிரம் வெளிறும்.

படம் அச்சிட்டுச் சிறு வருமானம் தேட விரும்பும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள்: முதலில் மாதம் எத்தனை படம் கேட்பார்கள் என்று ஊரில் விசாரியுங்கள். தேவை குறைவு என்றால் ரிப்பன் பொறியில் தொடங்கலாம்; ஏ4 படமும் லமினேற்றும் கேட்கிறார்கள் என்றால் மைத்தாங்கி. கடன் எடுத்து ஸ்ரூடியோப் பொறி வாங்குவதை முதல் வருடத்தில் தவிருங்கள்.

பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கும் விழாக்களுக்கும்: சிங்க் அல்லது இன்ஸ்ராக்ஸ். முக்கியமான படத்தை அதில் மட்டும் எடுத்துவைக்கவேண்டாம்.

வருடத்துக்கு ஐம்பது படமும் தேவைப்படாத வீடு: பிரிண்டர் வாங்கவேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மெமரி காட் ஒன்றும் நல்ல அல்பம் ஒன்றும் வாங்கி, பழைய படங்களை இந்த மாதமே ஸ்ரூடியோவில் பிரதி எடுங்கள். பொறி யாருடையது என்பது பெரிதல்ல. பிரதி இரண்டாக இருப்பதே வேண்டும்.